வில்பரின் திறந்த டப்பா

டார்லாவுக்குக் குலுக்கலில் எல்க் வேட்டைச் சீட்டு விழுந்த வருஷம், அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டே நல்ல கைகள் இருந்தன. இரண்டும் இடது கைகள்.

பதினோரு வருஷமாக அவள் பெயரைப் போட்டுக்கொண்டே இருந்தாள். டால்ட்டன் ஓடைக்கு மேலே இருக்கும் அந்த மலையில் இந்தப் பெரிய மானைச் சுட வருஷத்துக்கு இருபது பேரைத்தான் விடுவார்கள். மொன்டானாவில் பாதிப் பேர் அந்தச் சீட்டு கிடைக்காமலே கிழடாகிப் போகிறார்கள். இவளுக்கு ஜூனில் கடிதம் வந்தது. ஆனால் பிப்ரவரியில்தான் அவளுடைய வலது தோளைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கியதற்குக் கிடைத்த பலன் அது. இவள் போகாவிட்டால் என்ன, புருஷன் ஆர்னி எப்போதும்போல எங்கேயாவது போய் ஒன்றை அடித்துக்கொண்டு வருவான் என்று நினைத்தோம். ஆகஸ்டில் மர ஆலையில் சங்கிலி அறுந்து அவனுடைய வலது காறை எலும்பு மூன்று துண்டாகிவிட்டது. செப்டம்பரில் அவர்கள் வீட்டு ஃப்ரீசரின் அடி தெரிந்தது. அந்தக் குளிர்காலத்துக்குக் கறி வேண்டுமானால் டார்லாதான் மலையேற வேண்டும்.

நான் லைல். அவர்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன், மீதி நேரத்தில் அடுத்த வீட்டுக் காப்பியைக் குடிக்கிறேன். ஆர்னியைப் போல நானும் கடையில் வாங்காமல் என் தோட்டாவை நானே அடைக்கிற ஆள். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுக் கொட்டகைகளில் அதற்கென்று ஒரு மேஜை இருக்கும்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு நான் போனபோது ஆர்னி வீட்டு மேஜையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. வெளியே லார்ச் மரங்கள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன, காற்று கொட்டகைக் கதவை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்க்குன்னா நூத்தெண்பதுதான்," என்றான் ஆர்னி. "குண்டு கனமா இருந்தாத்தான் எலும்பை உடைச்சுக்கிட்டு உள்ள போகும். நாப்பது வருஷமா இதைத்தான் போடுறேன்."

"அது எல்க்குக்குள்ள போறதுக்கு முன்னாடி என் தோள் முதுகுக்குள்ள போயிடும். நூத்தம்பது போடு."

"நூத்தம்பது சின்ன மானுக்கு."

"நான் கிட்டப் போய்ச் சுடுவேன். நீதான் இந்த மலையில நின்னு அந்த மலையில இருக்கறதைச் சுடுற ஆளு."

"லைல், நீ சொல்லுப்பா."

"புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, "கிட்டப் போறதா இருந்தா நூத்தம்பது போதும்," என்றும் சொன்னேன்.

"பாத்தியா! பஸ் ஓட்டுறவருக்குத் தெரியுது."

நூற்றெண்பது, நூற்றைம்பது என்பதெல்லாம் குண்டின் எடை. குண்டை மாற்றினால் வெடிமருந்தையும் மாற்ற வேண்டும். கனமான குண்டுக்கு நிதானமாக எரிகிற மருந்து. லேசான குண்டை, தோளை உலுக்காமல் அனுப்ப வேண்டுமானால் கொஞ்சம் சுருக்காக எரிகிற மருந்து, அதுவும் குறைவாக. எந்த மருந்து, எவ்வளவு என்பதற்கெல்லாம் அளவுப் புத்தகம் இருக்கிறது. ரொம்பச் சுருக்காக எரிகிறதைத் தெரியாமல் போட்டுவிட்டால் குண்டு முன்னால் போவதற்குள் துப்பாக்கியின் பின்பக்கம் பிய்ந்து சுடுகிறவர் முகத்துக்கு வந்துவிடும். பக்கத்து ஊரில் ஒற்றைக் கண்ணோடு ஒருவர் இருக்கிறார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

நூற்றைம்பதுக்கு ஏற்ற மருந்து இரண்டு வருஷமாக எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மேஜைமேல் அந்த மருந்தின் நீலச் சீட்டு ஒட்டிய டப்பா ஒன்று இருந்தது. முக்கால் அளவு நிரம்பியிருந்தது. மூடி ஏற்கெனவே திறக்கப்பட்டது.

அந்த டப்பாவை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

எங்களைப் போலவே தோட்டா அடைக்கிற கிழவர் வில்பர் ஜூலையில் செத்துப்போனார். அவருடைய சாமான்களைச் செப்டம்பரில் முற்றத்தில் பரப்பி விற்றோம். அவர் மனைவி ஜோலினுக்குத் துப்பாக்கிச் சமாச்சாரம் எதுவும் தெரியாது என்பதால் துப்பாக்கிச் சாமான் வைத்த மேஜைக்கு நான்தான் காவல். ஆர்னி கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு வந்தான். இந்த டப்பாவைத் தூக்கினான், ஆட்டிப் பார்த்தான், மூக்கருகே கொண்டுபோனான். திறந்த டப்பாவை யாரும் வாங்கக் கூடாது. இது எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மேலே ஒட்டியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று திறந்தவனைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் திறந்தவர் வில்பர். கொட்டகையில் ஆணியைக்கூட அளவு வாரியாக ஜாடியில் போட்டுப் பெயர் எழுதி வைத்த மனுஷன்.

"வில்பர் கை பட்ட டப்பா," என்றான் ஆர்னி. "நம்பலாம்ல, லைல்?"

"வில்பர் ஒழுங்கான ஆளு," என்றேன்.

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அறுபது வருஷம் ஒழுங்கான ஆள்தான். கடைசி ஒரு வருஷம் அவர் என்னை என் செத்துப்போன அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாய்த் தீனியைக் காப்பி மெஷினில் போட்டார். ஒருநாள் கொட்டகையில் மோட்டார் எண்ணெயைத் தேன் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஊர்ல சொல்லிடாத லைல், அவர் தாங்க மாட்டார்," என்று ஜோலின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த ஞாயிறு அவர்கள் இரண்டு பேரும் இரண்டு இடது கைகளால் தோட்டா அடைத்தார்கள். ஆர்னி தராசில் மருந்தை நிறுத்துப் பித்தளைக் கூட்டில் கொட்டினான். டார்லா நூற்றைம்பது குண்டை மேலே வைத்து, அதை அமுக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தாள். அடுத்த ஞாயிறு அவள் தங்கை வீட்டில் விசேஷம், அவளுடைய கை அவனுக்குக் கிடைக்காது. அதனால் சுட்டுப் பார்க்காமலே நாற்பது தோட்டாவையும் ஒரே மூச்சில் அடைக்கலாம் என்று ஆர்னி முடிவு செய்தான்.

"புத்தகத்துல இருக்கற ஆகக் கீழ் அளவுதானே போடுறோம்? இதுல என்ன ஆயிடும்?"

"நீ சொன்னா சரிதான். உன் சண்டை குண்டோட மட்டும்தானே," என்றாள் டார்லா.

நான் காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். வாயைத் திறக்கவில்லை.

*

புதன்கிழமை சாயங்காலம் பேருந்தை விட்டுவிட்டு வந்ததும், சுட்டுப் பார்க்க ஜல்லிக் குழிக்குப் போனோம். ஆர்னி குண்டின் வேகம் காட்டும் பெட்டியை முக்காலியில் வைத்தான். டார்லா தோளில் மடித்த துண்டைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வேட்டு கிளம்பியது. சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய துப்பாக்கி 'டம்' என்று முழங்க வேண்டும், இது 'சடக்' என்று காதைக் கிழித்தது.

"இதுக்குப் பேர்தான் மெதுவா உதைக்கறதா?" என்றாள் டார்லா தோளைப் பிடித்துக்கொண்டு.

ஆர்னி அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அடேயப்பா! டார்லா, புத்தகத்துல போட்டிருக்கறதைவிட எவ்வளவோ அதிகம்! கீழ் அளவுலயே இந்த வேகம்னா, வில்பர் என்ன மருந்து வச்சிருந்திருக்காரு பாரு!"

"போல்ட் தூக்க வரலைப்பா."

"சேம்பர்ல அழுக்கு இருக்கும். போன வருஷம் நீதானே துடைச்ச?"

"நான் துடைச்சதுல அழுக்கு இருக்காது. உன் வாயைத்தான் துடைக்கணும்."

அவள் உள்ளங்கையால் அடித்து அடித்து, துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடியிருக்கும் போல்ட்டைத் தூக்கினாள். கூடு தெறித்து என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொறி கிளப்புகிற கேப், ஓரம் வட்டமாக இல்லாமல் தட்டையாக நசுங்கியிருந்தது. பித்தளையில் பளபளவென்று ஒரு கீறல். அந்தக் கீறலுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே அர்த்தம்தான் உண்டு. உள்ளே இருக்க வேண்டியதைவிட அதிக அழுத்தம்.

ஆறு வேட்டு சுட்டாள். ஆறாவதுக்கு மேல் தோள் வலிக்கிறது என்று எழுந்துவிட்டாள். அந்தத் தோள்தான் அன்றைக்கு அவள் கண்ணைக் காப்பாற்றியது என்று இப்போதும் நம்புகிறேன்.

"மிச்சம் முப்பத்தி நாலு. அதை மலையில சுட்டுக்கிறேன்," என்றாள்.

கூடு என் சட்டைப் பையில் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆர்னி சந்தோஷமாக இருந்தான். இரண்டு மாதமாகச் சும்மா உட்கார்ந்து தேய்ந்துபோன மனுஷன், தன் பெண்டாட்டிக்கு நல்ல தோட்டா செய்து கொடுத்துவிட்டோம் என்று வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு வந்தான். அதைக் கெடுக்க மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. சொன்னால் அன்றைக்கு மேஜைக்குப் பின்னால் நின்று நான் சொன்னதும் வெளியே வரும். அதுதான் பயம்.

அடுத்த எட்டு நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேருந்தை ஒரு நிறுத்தம் தள்ளி நிறுத்தினேன். பிள்ளைகள் கத்தின. என் கொட்டகைக்குப் போவேன், அந்தக் கூட்டை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன், திரும்ப எடுப்பேன். மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது என்று ஊர்க் கடை வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எல்க் கீழே இறங்கும். சனிக்கிழமை காலை வேட்டை சீசன் திறக்கிறது.

வியாழக்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடச் சமையலறையின் பின்வாசலுக்குப் போனேன். டார்லா பெரிய வெள்ளைத் தட்டுகளில் உலர்ந்த பீன்ஸ் கொட்டைகளைப் பரப்பி, வெண்ணெய்க் கத்தியால் தள்ளித் தள்ளிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன லைல், இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சா? மூஞ்சி இப்படி இருக்கு?"

"அந்தத் தோட்டாவைச் சுடாத, டார்லா."

அவள் கத்தி நிற்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டை எடுத்துக் காட்டினேன். வில்பரின் கடைசி வருஷத்தைச் சொன்னேன், தேன் பாட்டிலைச் சொன்னேன், ஜோலினுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். அவள் ஒரு தட்டை முடித்து அண்டாவில் சரித்தாள். அடுத்த தட்டை இழுத்தாள்.

"உனக்கும் மருந்து கிடைக்கலைதானே, ரெண்டு வருஷமா?"

"ஆமா."

"நீயும் இதே நீலச் சீட்டுதானே போடுவ?"

"ஆமா."

"வில்பரோட மேஜையில நாள் முழுக்க நீதான் நின்ன. எத்தனை டப்பா இருந்துச்சு?"

"ஏழு."

"அதுல உனக்குன்னு எத்தனை எடுத்த, லைல்?"

நான் கூட்டைச் சட்டைப் பையில் திரும்பப் போட்டேன்.

"ஒண்ணும் எடுக்கலை," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். "மத்த ஆறும் யார்கிட்டப் போச்சு?"

"ஆறும் வேற மருந்து, சீல் உடைக்காதது. நீலச் சீட்டு இது ஒண்ணுதான், திறந்ததும் இதுதான்."

"சரி. மூணு மணிக்கு வீட்டுக்கு வா. நீயே வந்து அவன்கிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

*

ஆர்னி முதலில் நம்பவில்லை. வில்பரைப் பற்றி இப்படிப் பேச உனக்கு எப்படி வாய் வந்தது என்று கத்தினான். டார்லா வெள்ளைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். டப்பாவிலிருந்து ஒரு தேக்கரண்டி மருந்தை அதில் கொட்டினாள். பீன்ஸைத் தள்ளுவதுபோலவே கத்தி முனையால் மெல்லப் பரப்பினாள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மெல்லிய குச்சிகள். ஆர்னி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான், இறக்கினான்.

"எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு."

"உன் கண்ணாடி நாலு வருஷம் பழசு. தள்ளு." அவள் கத்தி இரண்டு பக்கமாகப் பிரித்தது. இடது பக்கம் நீளமான குச்சிகள். வலது பக்கம் அதில் பாதி நீளம். கொஞ்ச நேரத்தில் வலது பக்கமும் ஒரு குவியலாகிவிட்டது. அந்தக் குட்டைக் குச்சி எது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வில்பர் தன் சின்னத் துப்பாக்கிக்குப் போடுகிற மருந்து. மின்னலாக எரியும். மிச்சத்தைத் திரும்பக் கொட்டும்போது டப்பா மாறியிருக்கிறது.

ஆர்னி ஸ்டூலில் உட்கார்ந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நான் உன்கிட்டக் கேட்டேன்ல?"

"கேட்ட."

"பேர் சொல்லிக் கேட்டேன்."

"ஆமா ஆர்னி."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. டார்லா பக்கம் திரும்பி, "அவனை என்ன சொல்றது," என்றான். "திறந்த டப்பாவைத் தொடாதேன்னு ஆலையில எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன். கூடு நசுங்கியிருக்கான்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்தேனா? வேகத்தைப் பாத்துப் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். உன் மூஞ்சிக்கு முன்னாடி வெடிகுண்டை வச்சுட்டு, சேம்பர்ல அழுக்குன்னு உன்னையே சொன்னேன்."

"சொன்ன. அதை நான் மறக்கப் போறதில்ல," என்றாள். அவன் தலையில் கையை வைத்துவிட்டு, "முதல்ல இதைப் பிரி," என்றாள்.

பிரித்தது நான். சுத்தியல் மாதிரி ஒரு குழாய் இருக்கிறது. அதில் தோட்டாவைச் செருகி மரக்கட்டையில் ஓங்கி ஓங்கி அடித்தால் குண்டு தனியாக, மருந்து தனியாகக் கழன்றுவிடும். முப்பத்தி நாலையும் அடித்தேன். கை மரத்துப்போனது. ஆர்னி எழுந்து உள்ளே போய்விட்டான். மருந்தையெல்லாம் டார்லா சேர்த்து, டப்பாவில் இருந்ததையும் சேர்த்து, கொல்லைப் புல்லில் மெல்லியதாகத் தூவினாள். புல்லுக்கு அது உரம்.

பிறகு அலமாரி அடியிலிருந்து ஒரு பழைய அட்டைப் பெட்டியை எடுத்து வந்தாள். நூற்றெண்பது. ஐந்து தோட்டா. பெட்டிமேல் ஆர்னியின் கோணல் எழுத்தில் தேதி, குண்டு, மருந்து எல்லாம் இருந்தது.

"கனமானதைச் சுட வேண்டாம்னு டாக்டர் சொன்னாரே," என்றேன்.

"டாக்டர் மரம் வெட்டித் தருவாரா, கறி தருவாரா? ஒரு தடவைதான் சுடப்போறேன்."

*

சனிக்கிழமை விடிந்ததும் வண்டிப் பாதை முடிகிற இடத்தில் அவளை இறக்கிவிட்டோம். ஆரஞ்சுச் சட்டை, முதுகில் பை, இடது தோளில் துப்பாக்கி.

"நாங்களும் வரோம்," என்றான் ஆர்னி.

"வேண்டாம். நீ மூச்சு வாங்குற சத்தத்துக்கே கனடா வரைக்கும் ஓடிடும். இவனுக்கு அவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க..." என்னைப் பார்த்து நிறுத்தினாள். "இல்ல, இவன் இருப்பான்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

வண்டியில் உட்கார முடியவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி இறங்கினோம், ஏறினோம். ஃபிளாஸ்க் காப்பி ஆறிக் கிடந்தது. ஆர்னி மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பெட்டி என் கையெழுத்துதானே, லைல்?"

"உன்னுதுதான்."

"அதை அடைச்ச அன்னிக்கு மேஜையில ஒரு டப்பாதான் வச்சிருந்தேனா, ரெண்டு வச்சிருந்தேனா? மூணு வருஷமாச்சு. எனக்கு நெனப்பு வரலை."

"நீ எப்பவும் ஒண்ணுதான் வைப்ப."

"எப்பவும்னு நெனச்சுத்தானே வில்பரையும் நம்பினேன்."

அவனுக்கு அவன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதையும் நான்தான் செய்தேன். அவனுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பத்து மணிக்குக் கேட்டது. ஒரே ஒரு வேட்டு. டம் என்று மலை முழுக்க உருண்டு வந்தது. ஆர்னி என் கையைப் பிடித்தான். அடுத்த வேட்டுக்குக் காத்திருந்தோம், வரவில்லை. ஒரே வேட்டு என்றால் எல்க் விழுந்திருக்கலாம், அவளே விழுந்தும் இருக்கலாம். பத்து நிமிஷம் ஆனது. ஆர்னி தொட்டிலில் தொங்கும் கையோடு ஏற ஆரம்பித்தான். நான் பின்னாலேயே ஓடினேன். பனியில் வழுக்கி விழுந்தான், எழுந்தான், அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். சத்தம் போட்டால் விலங்கு ஓடிவிடும் என்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மரங்களுக்கு நடுவே ஆரஞ்சு தெரிந்தது. நான் முகத்தைத்தான் பார்த்தேன். இரண்டு கண்ணும் இருந்தன. அதற்குப் பிறகுதான் வலது கையை அவள் சட்டைப் பட்டனுக்குள் செருகியிருப்பதைப் பார்த்தேன்.

ஆர்னி அவள் கன்னத்தைத் தொட்டான், நெற்றியைத் தொட்டான், அழுதான்.

"எதுக்குடா கத்துன? ஒண்ணுதான், பெரிய பெட்டை எல்க், நின்ன இடத்துலயே விழுந்துச்சு," என்றாள் அவள். "தோள் போச்சு. திங்கக்கிழமை டாக்டர்கிட்டத் திட்டு வாங்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "கத்தியை எடு. இங்க மத்த ரெண்டு பேருக்கும் கை இல்ல."

உரித்தேன், வெட்டினேன், சுமந்தேன். நாலு தொடையும் முதுகுக் கறியும் கழுத்தும் ஐந்து நடை ஆனது. முட்டி வரைக்கும் பனி. கடைசி நடை முடியும்போது சாயங்காலமாகிவிட்டது. வழியில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் கறியைத் துண்டு போட்டு வெள்ளைத் தாளில் சுற்றி ஃப்ரீசரை நிரப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் என்ன கறி, எந்தத் தேதி, யார் சுட்டது என்று எழுதிவிடுவார்கள். ஜோலினுக்கு இரண்டு பொட்டலம் போயிருந்தது. "டார்லா எவ்வளவு நல்லவ பாரு, வில்பரை நெனச்சுக் குடுத்தனுப்பியிருக்கா," என்று அவள் எனக்கு எடுத்துக் காட்டினாள். மேலே கறி, தேதி, பெயர், அவ்வளவுதான் இருந்தது. வில்பரின் கடைசி வருஷத்தைப் பற்றி இன்று வரைக்கும் டார்லா வீட்டிலிருந்து ஊருக்குள் ஒரு சொல் வரவில்லை.

மறுநாள் காலை பேருந்துக் கதவைத் திறந்தபோது ஓட்டுநர் இருக்கையில் ஒரு பொட்டலம் இருந்தது. கல்லாக உறைந்திருந்தது. டார்லாவின் எழுத்து கோணலாக இருந்தது, இடது கையால் எழுதியிருக்கிறாள்.

"எல்க். பின்தொடை. அக்டோபர் 26. டார்லா சுட்டது," என்று இருந்தது. அதற்குக் கீழே, எனக்கு மட்டும், இன்னொரு வரி.

"உள்ளே இருப்பதும் இதுதான்."